கைப்பேசி கடலுக்குப் போகும் நாட்களில் பைத்தான்

ராமேசுவரம் தீவில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும். திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. பாக் நீரிணைப் பக்கம் பல காலமாக இருக்கிற ஏற்பாடு இது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் கைப்பேசி வழியாகப் பிளஸ் டூ கணினி அறிவியல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த முதல் மாதமே இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. பல வீடுகளில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். அது அப்பாவோடு படகில் போய்விடும். காலையில் போன படகு மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும். திங்கட்கிழமை மாலை வகுப்பில் ஒன்பது பேரில் மூன்று பேர்தான் இருப்பார்கள்.

தொண்டிப் பக்கம் கதை வேறு. அங்கே வாப்பா வளைகுடா நாட்டில் இருப்பார், வீட்டில் நல்ல போன் இருக்கும். ஆனால் அவர் வேலை முடிந்து வீடியோ காலில் வருவது நம் நேரத்துக்கு இரவு எட்டு, எட்டரை. சரியாக வகுப்பின் நடுவில். வாப்பா கூப்பிட்டால் மகள் வகுப்பை விட்டுப் போகாமல் என்ன செய்வாள்? போகத்தான் வேண்டும். நான் பார்த்தவரை, ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் படித்தால் போன் அண்ணன் கையில்தான் அதிக நேரம் இருக்கிறது. இதை ஒவ்வொரு பெற்றோரிடமும் சொல்லிப் பார்க்கிறேன். சில வீடுகளில் மாறியிருக்கிறது.

இப்படி விட்டு விட்டுக் கிடைக்கிற போனை வைத்துக்கொண்டு நிரலாக்கத் தேர்வுக்குத் தயாராக முடியுமா? முடியும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஏன் முடியும், எங்கே சிக்குகிறது என்பது தெரிய வேண்டுமானால் முதலில் அந்தத் தேர்வு எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு பிளஸ் டூ கணினி அறிவியலுக்கு மொத்தம் 100 மதிப்பெண். எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வு மூன்று மணி நேரம். ஒரு மதிப்பெண் கேள்வி 15, இரண்டு மதிப்பெண்ணில் ஆறு, மூன்று மதிப்பெண்ணில் ஆறு, ஐந்து மதிப்பெண்ணில் ஐந்து எழுத வேண்டும். பாடங்கள் 16. செயற்கூறு, தரவு அருவமாக்கம், வரையெல்லை, தேடலும் வரிசையாக்கமும் என்று கருத்தைப் பேசுகிற நான்கு பாடங்கள் முதலில். அப்புறம் பைத்தான் என்ற நிரலாக்க மொழி, அதற்குப் பின் தரவுதளமும் அதைக் கையாளும் எஸ்கியூஎல் மொழியும், கடைசியில் தரவை வரைபடமாகப் போடுவது. பிளஸ் ஒன்னில் படித்தது சி பிளஸ் பிளஸ் என்ற வேறு மொழி என்பதால், பிளஸ் டூவுக்கு வரும்போது அரைப்புள்ளி போட்டே பழகிய கைக்குத் திடீரென்று அரைப்புள்ளி வேண்டாம், இடைவெளிதான் முக்கியம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

கவனிக்க வேண்டியது, 70 மதிப்பெண்ணுக்கான தேர்வில் கணினியே கிடையாது. பேனா, தாள். நிரல் எழுதச் சொன்னாலும் தாளில்தான் எழுத வேண்டும். இந்த நிரலின் வெளியீடு என்ன என்று கேட்டால் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நல்ல நிரலாளரை இப்படிச் சோதிக்கலாமா என்பது தனி விவாதம். அது முக்கியமான விவாதம்தான். ஆனால் போன் இல்லாத பிள்ளைக்கு இந்த அமைப்பில் ஒரு வழி திறக்கிறது. தயாரிப்பின் பெரும்பகுதியைப் போன் இல்லாமலே செய்ய முடியும்.

இதன் பின்னணி கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. புதிய பாடத்திட்டம் பிளஸ் ஒன்னுக்கு 2018-19இலும் பிளஸ் டூவுக்கு 2019-20இலும் வந்தது. பைத்தான் பிளஸ் டூ வகுப்புக்குள் நுழைந்தது அப்போதுதான். முதல் தொகுதி மாணவர்கள் 2020 மார்ச்சில் தேர்வு எழுதி முடிக்கிற நேரத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. அதாவது, ஆசிரியர்களே ஒரே ஒரு முறை நடத்தியிருந்த பாடம், இரண்டாவது ஆண்டே தூரத்திலிருந்து நடத்தும் பாடமாகிவிட்டது. 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி அந்த ஆண்டு பெரிய துணையாக இருந்தது. இணையம் இல்லாத வீட்டிலும் பாடம் வந்தது. பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பள்ளி மறுபடி திறந்தது 2021 ஜனவரி 19இல். அந்தத் தொகுதி ஏப்ரலில் செய்முறைத் தேர்வு எழுதியது. எழுத்துத் தேர்வு ஜூனில் ரத்தானது. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கணக்கிட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். அந்த ஆண்டு இந்தக் கரையில் படித்த பலரைக் கல்லூரிக்குப் போன பிறகு சந்தித்திருக்கிறேன். பாடமே நடக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. "பாடம் பாத்தோம் சார், தப்பு பண்ணினா சொல்ல ஆள் இல்ல" என்றுதான் சொன்னார்கள்.

அந்த ஒரு வரியில்தான் முழுப் பிரச்சினையும் இருக்கிறது. வரலாற்றை வீடியோவில் கேட்டுப் படிக்கலாம். நிரலாக்கத்தில் கேட்பது கால் பங்கு வேலை. மிச்சம் எல்லாம் எழுதுவது, தப்பாகப் போவது, எங்கே தப்பு என்று தேடுவது, திருத்துவது. வகுப்பறையில் டீச்சர் வரிசைக்கு இடையில் நடந்து வரும்போது நோட்டை எட்டிப் பார்த்து, "இங்க கோலன் எங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார். மூன்று வினாடி வேலை. தூரத்தில் படிக்கிற பிள்ளைக்கு அந்த மூன்று வினாடிதான் இல்லாமல் போகிறது. நல்ல வீடியோ நூறு இருந்தாலும் அந்த இடம் நிரம்பாது. வீடியோவைப் பார்த்து முடித்ததும் புரிந்த மாதிரி இருக்கும். நோட்டை எடுத்தால் முதல் வரிக்குப் பின் கை நின்றுவிடும்.

ஒரு நாள் ராத்திரி தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். அப்பா படகில் இரண்டு பாடு, அதாவது இரண்டு முறை வலை வீசியதில், நண்டு பட்டிருந்தது. முதல் பாட்டில் 12 கிலோ, அடுத்த பாட்டில் 15 கிலோ. இரண்டையும் இன்புட்டில் வாங்கிக் கூட்டிச் சொல்லும் நிரலை அவனே எழுதியிருக்கிறான். ஓட்டினால் விடை 1215 என்று வருகிறது. கீழே எழுதியிருந்தான்: "சார், தப்பா வருது. 27 வரணும்."

பைத்தானில் இன்புட் எதை வாங்கினாலும் அதைச் சரமாகத்தான், அதாவது வெறும் எழுத்துகளாகத்தான், கொடுக்கும். சரத்தோடு சரத்தைக் கூட்டினால் ஒன்றின் வாலில் இன்னொன்று ஒட்டிக்கொள்ளும். எண்ணாக மாற்ற இன்ட் என்ற செயற்கூறுக்குள் போட வேண்டும். பாடநூலில் உள்ள விஷயம்தான், இரண்டு மதிப்பெண் கேள்வியாக வரக்கூடியதுதான். அதே பையன் இதை வீடியோவில் இரண்டு முறை பார்த்திருக்கிறான். அப்போது மனதில் நிற்கவில்லை. 1215 கிலோ நண்டு தன் வீட்டுப் படகில் வந்திருக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். அதனால் தப்பு உடனே கண்ணில் பட்டது. அப்புறம் அது மறக்கவே இல்லை.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது, பக்கத்தில் ஆசிரியர் இல்லாத பிள்ளைக்குத் தப்பு தானாகவே தெரியும்படி பாடத்தை அமைக்க வேண்டும் என்பது. அதற்கு முதல் வழி, விடை ஏற்கெனவே தெரிந்த கணக்கை நிரலில் போடுவது. ஐஸ் கட்டி எத்தனை, டீசல் எத்தனை லிட்டர், சாயல்குடிப் பக்கமானால் கருப்பட்டி எத்தனை கிலோ, முண்டு மிளகாய் என்ன விலை. புத்தகத்தில் இருக்கிற மாணவர் மதிப்பெண் பட்டியலில் சராசரி தப்பாக வந்தாலும் பிள்ளைக்குத் தெரியாது. உம்மா கையில் கொடுத்த பணத்தில் மீதி தப்பாக வந்தால் தெரியும்.

இரண்டாவது வழி, ஓட்டுவதற்கு முன் விடையை எழுதிவைப்பது. நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொரு மாறிக்கும், அதாவது மதிப்பை வைத்திருக்கும் ஒவ்வொரு பெயருக்கும், ஒரு பத்தி. ஒவ்வொரு சுற்றிலும் அதன் மதிப்பு என்ன ஆகிறது என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: ஒரு மாறியில் 1 இருக்கிறது. அது 20க்குக் குறைவாக இருக்கும்வரை அதை அச்சிட்டுவிட்டு மூன்றால் பெருக்கு. என்ன அச்சாகும்? 1, 3, 9. இது பெரும்பாலும் சரியாக வரும். இப்படித் திரும்பத் திரும்ப ஓடுகிற மடக்கு முடிந்த பிறகு மாறியில் என்ன இருக்கும் என்று கேட்டால் பாதிப் பேர் 9 என்பார்கள். கட்டம் போட்டவர்கள் 27 என்பார்கள். ஏனென்றால் 9ஐ அச்சிட்ட பிறகு பெருக்கல் நடந்து 27 ஆகி, அதற்கப்புறம்தான் நிபந்தனை பொய்யாகிறது. எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச் செயற்கூறிலும் இதே மாதிரி. தொடக்கம் 2, மேல் எல்லை 10, தாண்டல் 2 என்று கொடுத்தால் 2, 4, 6, 8 வரை போகும். 10 வராது. மேல் எல்லை சேராது என்பதை மனப்பாடம் செய்த பிள்ளை பதற்றத்தில் மறந்துவிடும். இருபது முறை கட்டம் போட்ட பிள்ளைக்கு அது கையிலேயே இருக்கும்.

இந்தக் கட்ட வேலைக்குப் போன் தேவையே இல்லை. அப்பா கடலில் இருக்கும் திங்கட்கிழமைக்கு நான் வைத்திருக்கிற பாடம் இதுதான். ஐந்து சிறு நிரல், ஐந்து கட்டம். செவ்வாய்க்கிழமை போன் வந்ததும் ஓட்டிப் பார்த்து, எழுதிய விடையோடு ஒப்பிட வேண்டும். எங்கே வேறுபடுகிறதோ அதை மட்டும் எனக்குப் படமெடுத்து அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னால் நான் பார்த்து முடிக்கவும் முடியாது, அவர்கள் தேடவும் மாட்டார்கள்.

போனில் நிரலை ஓட்டப் பைட்ராய்ட் 3 என்ற செயலி போதும். ஒரு தடவை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமல் ஓடும். எஸ்கியூலைட் என்ற சிறு தரவுதளம் பைத்தானோடு சேர்ந்தே வருவதால் தரவுதளப் பாடத்தையும் அதிலேயே செய்து பார்க்கலாம். வரைபடப் பாடத்துக்கான நூலகத்தை மட்டும் நெட் இருக்கும்போது ஒருமுறை இறக்கிவைக்க வேண்டும். சி பிளஸ் பிளஸ் நிரலைப் பைத்தானுக்குள் அழைக்கும் பாடத்தைப் போனில் முயல வேண்டாம் என்றே சொல்கிறேன். அதற்குப் பள்ளி ஆய்வகம்தான் சரி.

போனில் எழுதும்போது போனே சில தப்புகளைச் செய்யும். இது தெரியாமல் அழுத பிள்ளைகள் உண்டு. வரியின் தொடக்கத்தில் பிரிண்ட் என்று அடித்தால் விசைப்பலகை தானாக முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கிவிடும். பைத்தானுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. அப்படி ஒரு பெயரே தெரியாது என்று நேம் எரர் காட்டும். பிடிஎஃப் நோட்ஸிலிருந்து நகலெடுத்தால் மேற்கோள் குறி வளைந்த வடிவத்தில் வரும். அதையும் ஏற்காது. தானாகப் பெரிய எழுத்தாக்கும் வசதியை முதல் நாளே அணைத்துவிடச் சொல்ல வேண்டும். பிழைச் செய்தி வந்தால் கடைசி வரியிலிருந்து மேலே படிக்கச் சொல்ல வேண்டும். என்ன பிழை என்பது கடைசி வரியிலும், எத்தனையாவது வரியில் என்பது அதற்கு மேலேயும் இருக்கும். சிவப்பாக நாலு வரி பார்த்ததும் செயலியை மூடிவிடுகிற பிள்ளை, அந்தக் கடைசி வரியைப் படிக்கப் பழகினாலே பாதித் தூரம் வந்துவிடும்.

தாளில் வேறு விதச் சிக்கல். பைத்தானில் உள்தள்ளல்தான் இலக்கணம். எந்த வரி மடக்குக்குள் இருக்கிறது, எது வெளியே என்பதை இடைவெளிதான் சொல்லும். பிள்ளைகள் அனுப்பும் நோட்டுப் படங்களில் இடைவெளி ஒரு வரியில் அரை அங்குலம், அடுத்ததில் கால் அங்குலம் என்று அலையும். திருத்துகிறவர் எதை எதற்குள் வைத்துப் படிப்பார்? பென்சிலால் மேலிருந்து கீழே மூன்று மெல்லிய கோடு போட்டுக்கொண்டு, கோட்டிலிருந்து எழுதப் பழக்குகிறேன். வலைக்கண் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இனக்குழு (கிளாஸ்) பாடத்தில் இனிட் என்ற பெயருக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு வரும். அச்சில் அவை ஒட்டி ஒரே நீளக் கோடாகத் தெரியும். தாளில் எழுதும்போது நடுவில் சிறு இடைவெளி விட்டு இரண்டு என்று தெரியும்படி எழுத வேண்டும்.

தமிழ் வழியில் படிக்கிறவர்களுக்கு இன்னொரு சுமை இருக்கிறது. வீடியோவில் பேசுகிறவர் தமிழில் பேசினாலும் சொற்கள் ஃபங்ஷன், பாராமீட்டர், ஆர்க்யூமெண்ட், கிளாஸ், கன்ஸ்ட்ரக்டர். பாடநூலிலும் அவர்கள் எழுத வேண்டிய விடையிலும் அவை செயற்கூறு, அளபுரு, செயலுருபு, இனக்குழு, ஆக்கி. வினாத்தாள் இரண்டு மொழியிலும் இருக்கும் என்பது ஓர் ஆறுதல். ஆனாலும் விஷயம் நன்றாகத் தெரிந்த பிள்ளை, செயலுருபு என்ற சொல்லைப் பார்த்துத் திகைத்துக் கேள்வியையே விட்டுவிட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இரண்டு பத்தி. ஒன்றில் காதில் விழும் சொல், மற்றதில் புத்தகத்துச் சொல். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களில் தமிழ் ஒலியோடு கிடைப்பவையும் உண்டு. சின்னச் சின்னத் துண்டாக இருக்கும். நிறுத்தி நிறுத்திச் செய்து பார்க்க ஏற்றவை. அவற்றைப் பார்க்கும்போதும் இந்த இரண்டு பத்தி நோட்டு பக்கத்தில் இருக்கட்டும்.

செய்முறைத் தேர்வுதான் போனிலேயே படித்தவர்களுக்குக் கஷ்டமான இடம். நிரல் தெரியும், விசைப்பலகை தெரியாது. கோலனுக்கு ஷிஃப்ட் அழுத்த வேண்டும், அடிக்கோட்டுக்கும் ஷிஃப்ட், அடைப்புக்குறிக்கும் ஷிஃப்ட். போனில் ஒரு தட்டலில் வந்தவை. தேடித் தேடி அடிப்பதிலேயே நேரம் போய்விடும். அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது, வாரத்தில் ஒரு மணி நேரமாவது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அது கிடைக்காத வாரத்தில், ஓடிஜி கேபிள் ஒன்று வாங்கிப் பழைய யூஎஸ்பி விசைப்பலகையைப் போனிலேயே சொருகி அடிக்கலாம். வீட்டில் அக்காவுக்கோ அண்ணனுக்கோ அரசு கொடுத்த மடிக்கணினி பரணில் கிடக்கிறதா என்றும் கேட்பேன். 2011இல் தொடங்கிய திட்டம், பல வீடுகளில் இருக்கிறது. பேட்டரி போயிருக்கும், உப்புக்காற்றில் இரண்டு விசை இறுகியிருக்கும், ஆனாலும் மின்சாரத்தில் சொருகினால் ஓடும். அதில் விண்டோஸ் 7 இருந்தால் புதிய பைத்தான் ஏறாது. 3.8 பதிப்புதான் அதில் ஓடும் கடைசிப் பதிப்பு. பிளஸ் டூ பாடத்துக்கு அது தாராளமாகப் போதும். பென்டிரைவில் கொண்டுபோனால் நெட் இல்லாமலே நிறுவிவிடலாம்.

மழைக்காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வரும். வடகிழக்குப் பருவமழையும் புயல் சின்னங்களும் இந்தக் கரைக்கு வருகிற நேரம் அதுதான். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் பாம்பனுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் நகராமல் கிடந்தது. 2024 நவம்பர் 20இல் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் மின்சாரம் இருக்காது, நெட் இருக்காது, டவரில் ஒரு கோடு தெரிந்தால் பெரிது. அந்த ஒரு கோட்டில் சாதாரண அழைப்பு போகும். நான்கு பேரை அழைப்பில் இணைத்து, நிரலை வரிவரியாக வாயால் சொல்வேன். அவர்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நோட்டில் எழுதிக் கட்டம் போட்டு விடை சொல்வார்கள். பட்டன் போனில்கூட நடக்கும். வாயால் சொல்லும்போது உள்தள்ளலையும் சொல்ல வேண்டும் அல்லவா? "ஒரு கோடு உள்ளே", "வெளியே வா" என்று சொல்லிச் சொல்லி, எந்த வரி எதற்குள் என்பது அவர்களுக்குக் காது வழியாகவே பழகிவிட்டது. வெள்ளம் வடிந்த பிறகும் இந்த வகுப்பை வாரம் ஒருமுறை வைத்துக்கொண்டோம். வீடியோ வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டு ஒளிந்துகொள்கிற பிள்ளைகூட இதில் பேசும்.

மார்ச்சில் பொதுத்தேர்வு முடியும். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். அப்பா வீட்டில், போனும் வீட்டில். பிளஸ் ஒன் முடித்தவர்களுக்குப் பள்ளி விடுமுறை. அடுத்த தொகுதிக்குப் பைத்தான் தொடங்க இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் வருமானம் நிற்கிற காலமும் அதுதான். ரீசார்ஜ் செய்யக் காசு இருக்காது. அதனால் பாட வீடியோக்களைச் சின்ன அளவில் இறக்கி மெமரி கார்டில் ஏற்றி ஏப்ரல் முதல் வாரமே கொடுத்துவிடுகிறேன். தங்கச்சிமடத்தில் ஒரு வீடு, பாம்பனில் ஒரு வீடு. அங்கிருந்து கைமாறிக் கைமாறிப் போகும். கூடவே ஒரு துண்டுத் தாள். படகு கட்டுவதற்கு முன் கடைசிப் பாட்டில் என்னென்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலைக்குப் போனது என்று அப்பாவிடம் கேட்டு அதில் எழுதிவைக்க வேண்டும். மொத்தத்தைக் கையால் கூட்டி, தாளை மடித்து நோட்டுக்குள் வைத்துவிட வேண்டும். முதல் நிரல் அதற்குத்தான்.